மாத்தளையின் மனைகளும் நூதனசாலைக் காட்சியும்

ஓவியத்தை ஒரு சுவரினின்றும் பெயர்த்து மற்றொரு சுவரில் மாட்டலாம். படிமத்தைக் கோயிலினின்றும் எடுத்துப் பீடமொன்றில் நிறுத்தலாம். அவ்வாறு செய்தலால் அவை இழப்பன பலவாயினும், கண்ணுக்குப் புலனாகும் வடிவமேனும் எஞ்சும். கட்டடக்கலைக்கு அவ்வாய்ப்பும் இல்லை. வீடு உட்புகுந்து உறைதற்குரியது. அதன் திண்ணையின் தண்மையை உடல் உணர்கின்றது. தாழ்ந்த இறவாரத்தின் கீழ்த் தலை தானே குனிகின்றது. அடுக்களைப் புகை கண்ணில் நீரை வரவழைக்கின்றது. இத்தகைய பொருளொன்றினை நூதனசாலையுள் எவ்வாறு காட்டுவது? அளவுப்படம், சிற்றுருவம், நிழற்படம் என்னும் மூன்றுமே நெடுங்காலம் இவ்வினாவுக்கு விடையாக இருந்தன. காண்போர் தாமும் பங்குகொண்டு அறியுமாறு அமைக்கப்படும் ஊடாட்டக் காட்சி அண்மைக்காலத்தார் கண்ட விடையாகும். அவ்விடையின் தகுதியை மாத்தளை மாவட்டத்தை உரைகல்லாகக் கொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாம்.

இவ்வாராய்ச்சிக்கு மாத்தளையை ஒத்த களம் ஈழத்தில் அரிது. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் காசியப்பன் அமைத்த சீகிரியும், தம்புள்ளைக் குகைக் கோயில்களும், பல்லவர் மரபை நினைவூட்டும் நாளந்தாக் கற்றளியும், அளுவிகாரையும் இம்மாவட்டத்தன. ஜெப்ரி பாவா என்னும் பெருங்கட்டடக் கலைஞரின் பிற்காலப் படைப்பாகிய கண்டலம விடுதியும் இங்குள்ளது. வரிச்சுக் கட்டி மண் அப்பிய குடியானவர் மனைகளும், தகரக் கூரையின் கீழ் நிரை நிரையாய் நிற்கும் தோட்டத்து லயங்களும் இம்மண்ணிலேயே உள்ளன. அரசன் மாளிகை முதல் தொழிலாளியின் ஒற்றை அறை வரை அனைத்தும் ஒரு மாவட்டத்துள் அடங்குவதால், எதனைக் காட்டுவது, எதனை விடுவது என்னும் தெரிவு இங்கே தப்பவியலாததாகின்றது. நூதனசாலையொன்றின் மெய்யான கொள்கை அதன் தெரிவிலேயே வெளிப்படும்.

முதற்கண் ‘சுதேசக் கட்டடக்கலை’ என்னும் தொடரின் பொருளை வரையறுத்தல் வேண்டும். ஒரு நிலத்தின் தொல்குடியினர் கட்டுவதே சுதேசக் கலை என்பர் ஒரு சாரார். பழைய வடிவங்களை ஒத்திருப்பதே சுதேசம் என்பர் மற்றொரு சாரார். முதற்கொள்கை குருதியை அளவுகோலாக்குகின்றது. இரண்டாவது கூரையின் சாய்வை அளவுகோலாக்குகின்றது. இரண்டும் வாழ்வாரைக் கருதவில்லை. நிலத்தின் மண்ணும் மரமும் மழையும், கட்டுவோர் கையும், உறைவோர் வழக்கமும் ஒன்றையொன்று திருத்தி அமைக்கும் மனையே சுதேச மனை என்று கொள்வதே பொருந்தும். இவ்வாறு கொள்ளின், சுதேசம் என்பது பழமைக்கு மட்டும் உரிய பெயராகாது. இன்று நிகழ்ந்துகொண்டிருக்கும் ஒரு வினையாகும்.

பிறநாட்டார் சிலர் இதனை உணர்ந்து செயற்பட்டுள்ளனர். நியூசிலாந்தின் வெலிங்ரன் நகரில் 1998இல் திறக்கப்பெற்ற ‘தே பாப்பா’ நூதனசாலையுள், கிளிஃப் வைற்றிங் என்னும் கலைஞரின் தலைமையில், மவோரி மக்களின் கூட்டமண்டபம் ஒன்று புதிதாக எழுப்பப்பட்டது. அது வெறும் படியன்று. புதிய பொருள்களாலும் புதிய நிறங்களாலும் ஆயது. அங்கே வரவேற்புச் சடங்குகள் மெய்யாகவே நிகழ்கின்றன. மவோரிக் குலங்கள் முறைவைத்து அந்நூதனசாலையில் தங்கள் கதையைத் தாமே காட்சிப்படுத்துகின்றன. அதே ஆண்டில் நியூ கலிடோனியாவில் திறக்கப்பெற்ற சிபாவு பண்பாட்டு நிலையமோ, கனக் மக்களின் குடிசை வடிவைத் தழுவி இத்தாலியக் கலைஞர் ரென்சோ பியானோ அமைத்த அழகிய கட்டடமாகும். பின்னது காண்பாரின் வியப்பைப் பெறுகின்றது. முன்னது காண்பாரை விருந்தினர் ஆக்குகின்றது. இவ்வேறுபாடு சிறிதன்று.

ஊடாட்டக் காட்சியின் வரலாற்றிலும் இதுபோன்ற இரு நெறிகளைக் காணலாம். மியூனிக் நகரில் 1903இல் நிறுவப்பெற்ற ஜேர்மன் நூதனசாலையில், காண்போர் விசையை அழுத்தினால் பொறி இயங்கிக் காட்டும் முறை புகழ்பெற்றது. சான் பிரான்சிஸ்கோவில் 1969இல் பிராங்க் ஒப்பன்கைமர் தொடங்கிய நிலையத்தில், காண்போர் தாமே சோதனை செய்து, தவறி, மீண்டும் செய்து அறியும் முறை வளர்ந்தது. முதல் நெறியில் விடை முன்னரே அமைந்துள்ளது. கை அதனைத் திறக்கும் திறவுகோல் மட்டுமே. இரண்டாம் நெறியிலோ கையே கற்கின்றது. இன்றைய தொடுதிரைகளுட் பல முதல் நெறியின் வழித்தோன்றல்களே. திரையில் ஒரு வீட்டைச் சுழற்றிப் பார்ப்பவன் அவ்வீட்டைப் பற்றி அறிவதைவிடத் திரையைப் பற்றியே மிகுதியும் அறிகின்றான். மண்ணைக் குழைத்து வரிச்சில் அப்புபவனோ, ஈரம் மிகுந்தால் மண் வழுக்கும் என்பதையும், குறைந்தால் ஒட்டாது என்பதையும், தச்சனும் குயவனும் நூல்வழி பெறாத அறிவை எங்ஙனம் பெற்றனர் என்பதையும் ஒருங்கே உணர்கின்றான்.

இவ்விடத்தில் ஆனந்த குமாரசுவாமியின் கருத்தை நினைவுகூர்தல் தகும். 1908இல் வெளிவந்த ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூலில் கண்டி நாட்டுக் கம்மியரின் தொழின்முறைகளையும் சமூக அமைப்பையும் ஆராய்ந்த அப்பேரறிஞர், கலைப்பொருள்களைக் காட்சிக்கு வைப்பது எதன்பொருட்டு என்னும் வினாவைப் பிற்காலத்தில் தனிநூலாகவே எழுப்பினார். நூதனசாலையில் உள்ள பொருள்கள் எவையும் நூதனசாலைக்காகச் செய்யப்பட்டவையல்ல. அவை ஒரு பயன் கருதிச் செய்யப்பட்டவை. அப்பயனை அறியாது அழகை மட்டும் நுகர்வது அறிவாகாது என்பது அவர் கொள்கையின் சாரம். பொருள் எதற்காக ஆயது, எவ்வாறு ஆயது, யாரால் ஆயது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை தராத காட்சி, எத்துணைப் பொறிநுட்பம் வாய்ந்ததாயினும், குறைக்காட்சியே. மாத்தளையில் உள்ளவற்றை இம்மூன்று வினாக்களாலும் அளந்து பார்க்கலாம்.

சீகிரி நூதனசாலை யப்பானிய அரசின் உதவியோடு அமைக்கப்பெற்று 2009இல் திறக்கப்பட்டது. அகழ்வில் வெளிப்பட்ட பொருள்களும், குன்றின் ஓவியங்களின் படிகளும், அந்நிலத்தின் நெடிய வரலாறும் அங்கு முறைப்படுத்தப்பட்டுள்ளன. குன்றேற இயலாத முதியோர்க்கு அஃது ஓர் அரிய உதவி. எனினும் குன்றும் கோநகரும் அதன் பொருளாக, அக்குன்றைச் சூழ்ந்து வாழ்ந்த உழவனின் மனை பின்னணியாகவே நின்றுவிடுகின்றது. சீகிரியிலேயே இதற்கு மாற்றான நெறியொன்று மிகப் பழங்காலத்தில் நிலவியது என்பது கருதத்தக்கது. கண்ணாடிச் சுவர் எனப்படும் மெருகுச் சுவரில், குன்றைக் காணவந்தோர் நூற்றாண்டு பலவாகத் தம் உணர்வுகளைப் பாக்களாகக் கீறிச் சென்றனர். அவற்றுள் 685 பாக்களைப் பேராசிரியர் பரணவிதான 1956இல் பதிப்பித்தார். கட்டடம் வினவக் காண்போன் விடையிறுத்த அச்சுவரே இம்மாவட்டத்தின் முதல் ஊடாட்டக் காட்சி எனலாம். இன்று அங்கே எழுதுவது குற்றம், அது முறையே. ஆயினும் காண்போன் தன் சொல்லையும் விட்டுச்செல்லலாம் என்னும் கருத்து சுவரோடு காவலிடப்பட வேண்டியதன்று.

நாளந்தாக் கற்றளி வேறொரு பாடத்தைத் தருகின்றது. 8ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்ததாக அறிஞர் கருதும் இச்சிறு கோயில், திராவிட விமான அமைப்பும் பௌத்த வழிபாடும் கலந்த அருமை உடையது. மகாவலித் திட்டத்தின் கீழ் எழுந்த பொவத்தென்ன நீர்த்தேக்கத்தில் அது மூழ்கவிருந்தமையால், 1970களில் கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு, உயர்ந்த இடத்தில் மீண்டும் அடுக்கப்பட்டு, 1980இல் பணி நிறைவுற்றது. கல் அழியாது காக்கப்பட்டது. அது நின்ற நிலம் நீருள் மறைந்தது. இன்று அதனைக் காண்பவன் காண்பது ஒரு கோயிலை மட்டுமன்று. ஒரு கோயிலைப் பெயர்த்தமைத்த தொழிலையும் ஆகும். அத்தொழிலே அங்குக் காட்டத்தக்க செய்தி. கற்களின் சிற்றுருக்களைக் காண்போர் கையிற் கொடுத்து, வரிசை தவறாது அடுக்குமாறு செய்தல் எளிய காட்சியே. ஒரு கல் மாறினாலும் மேற்படை பொருந்தாமை கண்டு, சிற்பியின் கணக்கும் பிற்காலப் பொறியியலாளரின் பொறுமையும் ஒருங்கே விளங்கும். விளக்கப் பலகை நூறு செய்யாததை அக்கல் செய்யும்.

தற்காலக் கட்டடம் என்று வருங்கால், கண்டலம விடுதியைக் கடந்து செல்லல் இயலாது. சீகிரிக் குன்றின் அண்மையில் விடுதி கட்டக் கருதியோரை மறுத்து, கண்டலமக் குளத்தின் மேலுள்ள பாறைச்சரிவைப் பாவா தேர்ந்தெடுத்தார். 1991 முதல் 1994 வரை அங்கு எழுந்த கட்டடம் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் நீளத்திற்குப் பாறையைத் தழுவிக் கிடக்கின்றது. கொங்கிறீற்றுத் தூண்களும் தட்டைக் கூரையும் கொண்ட அதில் பழங்கண்டி வடிவம் எதுவும் இல்லை. கொடிகள் படர்ந்து கட்டடத்தையே மூடுகின்றன. மாடிப்படி மருங்கில் சிறகு விரித்து நிற்கும் லக்கி சேனநாயக்கவின் ஆந்தை அவ்விடுதியின் காவற்றெய்வம் போலும். வடிவால் சுதேசமாகாத இக்கட்டடம் இடத்தோடு கொண்ட உறவால் சுதேசமாக முயல்கின்றது என்பதே அதன் சிறப்பு. ஆயினும் அதன் பாறையும் நீரும் காற்றும் விடுதியில் தங்குவோர்க்கு உரியன. குளநீர் கெடும், ஊர் வாழ்வு சிதையும் என்று அஞ்சி 1992 அளவில் பிக்குகளும் சூழல் காப்போரும் கிளர்ந்தெழுந்தமையும் வரலாறே. இவ்விடுதியைப் பற்றிய நேர்மையான காட்சி, கட்டடத்தின் அழகோடு அக்கிளர்ச்சியின் குரலையும் ஒருங்கே கேட்பித்து, தீர்ப்பைக் காண்போனிடம் விடுதல் வேண்டும்.

அளுவிகாரையில் ஏனா டி சில்வா அம்மையார் வளர்த்த கைப்பணிக் கூடம் இன்னும் அண்மையான சான்று. அவருடைய பற்றிக் துணிகள் பாவாவின் பெந்தோட்டை விடுதிக் கூரையுட்புறத்தை அணிசெய்தன. தம் வாழ்வின் பிற்பகுதியை அம்மையார் அளுவிகாரையிலேயே கழித்து, அவ்வூர்ப் பெண்கள் பலர்க்குத் தொழில் பயிற்றினார். கொழும்பில் 1960களின் தொடக்கத்தில் பாவா அவர்க்கு அமைத்துக் கொடுத்த இல்லம், 2009இல் பிரிக்கப்பட்டு, பகுதிகள் எண்ணிடப்பெற்று, பெந்தோட்டைக்கு அண்மையிலுள்ள லுனுகங்கையில் மீண்டும் எழுப்பப்பட்டது. நாளந்தாவிற்கு நேர்ந்தது போன்றே இவ்வில்லத்திற்கும் நேர்ந்தது. ஆனால் வேறுபாடொன்று உண்டு. கோயிலைப் பெயர்த்தது நீரின் பெருக்கம். இல்லத்தைப் பெயர்த்தது நகர்நில விலையின் பெருக்கம். ஒரு கலைஞரின் இல்லத்திற்கு இத்துணைப் பரிவு காட்டப்பட்டமை பாராட்டற்குரியது. பரிவு பெறாத இல்லங்கள் எவை என்னும் வினாவும் உடன் எழுகின்றது.

அவ்வினாவுக்கு மாத்தளை தரும் விடை லயம். கோப்பித் தோட்டங்களுக்கென 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்தினின்றும் கொணரப்பட்ட மக்கள், மன்னார்க் கரையிறங்கி, காடும் காய்ச்சலும் கடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளையை அடைந்தனர். அவர்களுக்கெனத் துரைமார் அமைத்தவையே லயங்கள். தொடக்கத்தில் மண்ணும் புல்லுமாயும், பின்னர்க் கல்லும் தகரமுமாயும் அவை எழுந்தன. ஏறத்தாழ 10 அடி அகலமும் 12 அடி நீளமும் உடைய ஒரு காம்பரா. முன்னால் ஓர் இஸ்தோப்பு. நிரைக்குப் பொதுவாய் ஒரு பீலிக்கரை. பல லயங்களில் அறைகளை வகுக்கும் சுவர் கூரைவரை எழுவதில்லை. ஒரு வீட்டுக் குழந்தையின் இருமல் ஐந்தாம் வீடுவரை கேட்கும். கோப்பி அழிந்து தேயிலையும் கொக்கோவும் இறப்பரும் வந்தன, ஆட்சிகள் மாறின, தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் மீண்டும் தனியார் நிருவாகத்துட் சென்றன. லயங்களுட் பல இன்றும் நிற்கின்றன. அவற்றுள் மக்கள் இன்றும் வாழ்கின்றனர்.

லயம் சுதேசக் கட்டடமாகுமோ என்னும் தடை எழுதல் இயல்பே. அதனை வகுத்தவன் அந்நியன். அதன் மூலம் படைவீரர் கொட்டில். உழைப்பைக் காவல் செய்தலே அதன் நோக்கம். இவை யாவும் உண்மை. ஆயினும் கட்டியவனோடு கட்டடத்தின் வரலாறு முடிவதில்லை. சாணம் மெழுகிய தரையும், வாசற்கோலமும், சுவரில் சாமிப்படத்துக்கென ஒதுக்கிய மூலையும், பலகையும் தகரமும் கொண்டு இஸ்தோப்பை அடைத்து மணமகனுக்கும் மணமகளுக்கும் ஆக்கிக்கொடுத்த அறையும், பின்புறத்துக் காய்கறிப் பாத்தியும் துரையின் வரைபடத்தில் இல்லாதவை. அடைத்து வைக்கக் கட்டிய அறையைத் தலைமுறை பலவாக வீடாக்கிய உழைப்பு அது. மேலே வரையறுத்தவாறு, நிலமும் கையும் வழக்கமும் ஒன்றையொன்று திருத்துவதே சுதேசமாயின், மாத்தளையில் அவ்வினை மிகுந்த இடரோடும் மிகுந்த மனவுறுதியோடும் நிகழ்ந்த இடம் லயமே. அதனை விலக்கிவிட்டு மாத்தளையின் மனைகளைக் காட்டுவதாகக் கூறும் எந்நூதனசாலையும் கணக்கில் பிழை செய்கின்றது.

எனினும் சேர்த்தல் மட்டும் போதாது. சேர்க்கும் முறையில் இரு தீங்குகள் மறைந்துள்ளன. வறுமையை அழகுப்பொருளாக்குதல் ஒன்று. கழுவி வெள்ளையடித்து, பித்தளைக் குடத்தை மூலையில் வைத்த அறை, காண்போர்க்கு இனிய பழங்கதையாகித் தோன்றும். மற்றொன்று, இன்றும் தொடர்வதை இறந்த காலமாக்குதல். கம்பளைக்கு அண்மையில் பழைய லயவறைகளிலேயே 2007இல் தொடங்கப்பெற்ற தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை, இம்மக்கள் வாழ்வைப் பொருள்களாலும் ஆவணங்களாலும் காத்துவரும் அரிய முயற்சி. மெய்யான அறையையே காட்சியாக்கிய துணிவு அதனுடையது. சென்னைக்கு அண்மையில் 1996இல் திறக்கப்பெற்ற தட்சிணசித்ராவோ தென்னாட்டு வீடுகளைப் பெயர்த்துக் கொணர்ந்து அமைத்து, கைவினைஞரை அங்கிருத்தித் தொழில் பயிற்றுகின்றது. தொழிலின் உயிர் அங்கே உண்டு; மனையின் உயிராகிய குடும்பம் இல்லை. பெயர்த்தமைத்த எவ்வீட்டுக்கும் இக்குறை தவிர்க்கவியலாதது. லயத்தைப் பொறுத்தவரையிலோ, காணவருவோருள் அத்தகைய அறையிலிருந்தே காலையில் புறப்பட்டு வந்தவர்களும் இருப்பர். அவர்களுக்கு அக்காட்சி என்ன சொல்லும் என்பதே அமைப்போன் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் வினா.

இவற்றையெல்லாம் கருதி மாத்தளைக்கு ஏற்ற காட்சியொன்றின் இலக்கணத்தைச் சுருங்கக் கூறலாம். காம்பரா மெய்யளவில் எழுப்பப்படல் வேண்டும், சிற்றுரு ஆகாது. காண்போர் தனித்தனியே அன்றி, ஒரு குடும்பத்தின் அளவினராய் ஒருங்கே உட்புக வேண்டும். பாய், பெட்டி, தொட்டில், விறகு, பிள்ளையின் பாடநூல், முதியவரின் கட்டில் என்னும் இவற்றுக்கு அவர்களே இடம் தேடுதல் வேண்டும். இடம் போதாது, போதாமையே பாடம். பின்னர்த் தகரமும் பலகையும் கொடுத்து, இஸ்தோப்பை எவ்வாறு விரிப்பர் என்று கேட்டல் வேண்டும். அப்போது, ஏட்டுக்கல்வி பெறாத ஒரு தாய் எத்துணை நுட்பமான கட்டடக் கலைஞர் என்பது விளங்கும். அடுத்த கூடத்தில், தனிவீட்டுத் திட்டங்களில் வழங்கப்பட்ட 7 பேர்ச் நிலம் தரையில் கோடிட்டுக் காட்டப்படலாம். அதில் வீடு எங்கே, கிணறு எங்கே, தோட்டம் எங்கே என்று காண்போர் வகுத்தல் வேண்டும். இக்காட்சிக்கு மின்பொறி எதுவும் இன்றியமையாததன்று. இன்றியமையாதது, லயத்து மக்களே காட்சியை வகுப்போராகவும் விளக்குவோராகவும் அமர்வது. தே பாப்பா மவோரிக் குலத்தார்க்கு அளித்த உரிமை அது. இறுதியில் ஒரு வெறுஞ்சுவர் நிற்றல் வேண்டும். சீகிரிக்கு வந்தோர் போலக் காண்போர் அதில் எழுதுக. அங்கு வாழ்ந்தோர் எழுதுவதும் வாழாதோர் எழுதுவதும் அருகருகே நிற்கும்போது, அச்சுவர் எவ்விளக்கப் பலகையினும் உண்மை உடையதாகும்.

மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து, 2023 யூலை இறுதியில் தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஓகஸ்ட் மாதத்தில் மாத்தளையில் நிறைவெய்தியது. முன்னோர் நடந்த வழியில் மக்கள் மீண்டும் நடந்தனர். நடையின் முடிவாக அவர்கள் மாத்தளையைத் தேர்ந்ததில் பொருளுண்டு. பழைய வழி மலையேறும் வாயில் அது. அவ்வாயிலில் அமையும் நூதனசாலை, குன்றின் மேலிருந்த அரசனது மாளிகையைக் காட்டும் அதே மதிப்போடு, குன்றின் சரிவில் வாழ்வோரின் ஓர் அறையையும் காட்டுமாயின், கட்டடக்கலை என்பது கல்லின் வரலாறு மட்டுமன்று, உறைவோரின் வரலாறும் ஆம் என்பதை இந்நாடு கற்கும். அந்த அறையைக் கண்டு திரும்புவோன், அழகியதென்று வியவாது, இன்னும் இவ்வாறே இருக்கலாமோ என்று வினவுவானாயின், அக்காட்சி தன் கடனைச் செய்ததாகும்.